ஊதாத் துணிக்குள் நின்றவர்

சேசு மரி சூசை

திண்டிவனம்
1939 ஏப்ரல் 12, பாஸ்கு வாரம் புதன்கிழமை

என் அன்பு மகள் கித்தேரிக்கு உன் அம்மா முத்தமும் ஆசீரும் தந்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான் சுகம், கொல்லை முருங்கை சுகம், கோழிகள் மூன்றும் சுகம், நாலாவது பாஸ்குத் திருநாளுக்குக் குழம்பாகிவிட்டது, அதன் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ரங்கூனில் நீயும் சுகமென்று எழுதியிருக்கிறாய், ஆனால் எழுத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு வரியும் இடது ஓரத்தில் நிமிர்ந்து புறப்பட்டு வலது ஓரம் போவதற்குள் சரிந்து விழுகிறது. புதுச்சேரி மடத்தில் எங்களுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்த மதர், வரி சரிந்தால் அந்தப் பெண் காலையில் சாப்பிடவில்லை, இல்லாவிட்டால் அழுதிருக்கிறாள் என்பார்கள். சாப்பாட்டைத் தவறவிடுகிற பெண் இல்லை நீ. ஆகையால் மற்றதுதான் என்று முடிவு செய்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற உபாத்தினி இப்படி எழுதலாமா என்று கேட்டு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரு மாதம் பதில் வராததற்குக் காரணம் கோபமில்லை. காரணத்தைத்தான் இப்போது எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளம், பள்ளிக்கூடம் விட்டபின் கை கால் கழுவி உட்கார்ந்து படி.

உன் கடிதத்தில் நீ எழுதியது எனக்கு மனப்பாடம். அம்மா, என்னால் செபம் சொல்ல முடியவில்லை, கோவிலில் முழங்காலில் இருந்தால் நம் ஊர்ச் சுவாமியார் கலியாண ஓலை வாசித்த குரல்தான் காதில் விழுகிறது, இனி என்னைச் செபம் சொல்லும்படி எழுதாதீர்கள், மே மாத விடுமுறைக்கும் நான் வரவில்லை, அந்தக் கோவில் வாசலை மிதிக்க எனக்குத் தைரியமில்லை என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். உன் பெயரையும் சவுரிராயன் பெயரையும் சேர்த்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று இரண்டு ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தார்கள், மூன்றாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை அவன் சென்னையில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டான் என்று தந்தி வந்தது, மூன்றாம் ஞாயிறு சுவாமியார் உங்கள் பெயர் இருந்த இடத்தைத் தாண்டி வேறு பெயர்களை வாசித்தார். நான் முன் வரிசையில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், உன் கையைப் பிடிக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, தலை குனியக்கூடாது என்பதே என் கவலையாயிருந்தது. அதை இப்போது எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. போகட்டும். நான் உன்னைச் செபம் சொல்லச் சொல்லவில்லை. நான் செய்த ஒரு நவநாளின் கதையை மட்டும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதே, இங்கே ஏற்கெனவே பல பேர் சிரித்தாயிற்று.

காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அர்ச்சிஷ்ட அந்தோணியார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டதெல்லாம் நீ பார்த்திருக்கிறாய். நமக்குத் தொலைந்தது ஒரு மாப்பிள்ளை, ஆகையால் அவரிடம்தான் கேட்கவேண்டும் என்று தீர்மானித்தேன். அவன் உனக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டேன் என்று நினைக்காதே. சவுரிராயனைக் கொண்டுவந்து நம் வாசற்படியில் நிறுத்தும் சுவாமி, என் மகள் அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துக் கதவைச் சாத்தவேண்டும், தெருவில் நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதே என் மனு. அவனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்பதை நான் யோசிக்கவில்லை, அந்த ஏற்பாட்டை அந்தோணியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். இதை நம் ஊர்க் கோவிலில் செய்ய எனக்கு மனமில்லை. ஒன்பது நாள் அந்தோணியார் முன் நான் நின்றால் பத்தாம் நாள் மோனிக்கம்மாள் மருமகனைத் தேடுகிறாள் என்று ஊர் பேசும். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் சின்னக் கோவில் ஒன்று இருக்கிறதே, அப்பாவோடு போகும்போதெல்லாம் இடது பக்கத்து அந்தோணியாருக்கு மெழுகுதிரி வைப்போமே, அங்கே காலை ரயிலில் போய்வருவது என்று ஏற்பாடு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கி எனக்குப் புத்தியும் சொல்கிற முனியம்மாளிடம், கண் வைத்தியரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். ஆமாம், பொய்தான். தபசு காலத்தில், ஒரு நாளைக்கு ஒன்று வீதம் ஒன்பது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, நீ வேறு கேட்காதே.

வியாகுல மாதா திருநாள் வெள்ளிக்கிழமையன்று தொடங்கினேன். பிளாட்பாரத்தில் போய் நின்றால் பத்தடி தள்ளி யார் என்று நினைக்கிறாய், சவுரிராயனின் தாய் மதலேனம்மாள், ஒட்டுப் போட்ட பெரிய கறுப்புக் குடையோடு. தந்தி வந்த நாளிலிருந்து பதினோரு மாதமாய் நானும் அவளும் பேசியதில்லை, எதிரே வந்தால் நான் குடையைச் சாய்த்துக்கொள்வேன், அவள் தெருவை மாற்றிக்கொள்வாள். அன்றைக்குப் பெண்கள் வண்டி ஒன்றே ஒன்று. நான் இந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடியும் அவள் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தபடியும் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று போனோம். பிளாட்பாரமெல்லாம் என் பக்கம் வந்தது, அவளுக்குப் புளியமரங்களைத் தவிர பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். விழுப்புரத்தில் இறங்கி நான் வேகமாய் நடந்தேன், பின்னாலேயே செருப்புச் சத்தம். கோவிலுக்குள் போனேன், அவளும் வந்தாள். இடது பக்கம் போய் முழங்காலிட்டேன், அவளும் இரண்டு முழம் பின்னால் முழங்காலிட்டாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவளும் ஊருக்குத் தெரியாமல் அதே நவநாளுக்கு வந்தவள், என்னைப் பற்றி அதையே நினைத்தாளாம், பிற்பாடு சொன்னாள்.

பாடுகளின் ஞாயிறு தொடங்கிப் பாஸ்கு வரையில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள் அல்லவா, அங்கேயும் தலை முதல் கால் வரை மூடியிருந்தார்கள், ஆனால் மூடிய லட்சணத்தை நீ பார்த்திருக்கவேண்டும். கீழே ஒரு பக்கமாய்ப் பூசணிக்காயை வைத்துக் கட்டியதுபோல் புடைத்துக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுக்குமா. அந்தக் கோவிலைப் பெருக்கி மணியடித்துப் பார்த்துக்கொள்கிற கோவிற்பிள்ளை அந்தோணிசாமி என்கிற பெரியவரைக் கூப்பிட்டு, சுரூபத்துக்குத் துணி கட்டுவது மூட்டை கட்டுவதுபோலவா, உன் பெயரே அந்தோணி, உன் பெயருடைய அர்ச்சிஷ்டவருக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். அவர் என்னமோ சொல்ல வாயைத் திறந்தார், நான் விடவில்லை, முனை மடிப்பது எப்படி என்று மடித்தே காட்டினேன். ஒன்பது நாளும் செபம் தொடங்குமுன் அந்தப் புடைப்பை இரண்டு தட்டுத் தட்டி அமுக்கிவிட்டுத்தான் தொடங்குவேன், அடுத்த நாள் அது பழையபடி நிற்கும்.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. அந்தோணியாருக்கு உகந்த நாள் என்று கூட ஒரு மெழுகுதிரி வைத்து, என் மனுவை முதலிலிருந்து திருத்தமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதலேனம்மாளுக்கு மனத்துக்குள் செபிக்கத் தெரியாது, உதடு அசைந்தால் சத்தமும் வந்துவிடும். அதுவரை நான் காதில் வாங்காமலிருந்தேன், அன்றைக்கு உன் பெயர் வந்ததால் கேட்டுவிட்டேன். "எம் புள்ள வூட்டுக்கு வரணும்னு நான் கேக்கமாட்டேன் சாமி, கேக்கற மொகம் எனக்கு இல்ல. அந்தப் பொண்ணு கித்தேரி கடல் தாண்டிப் போயி தனியா கெடக்குது. அதும் மனசு ஆறணும். அது சிரிச்சிக்கினு ஊருக்கு வரணும். அத்த மட்டும் பாத்துக்குங்க சாமி" என்றாள். என் கையில் செபமாலை நின்றுவிட்டது. ஐந்து நாளில் ஒரு தரமாவது உன் மனம் ஆறவேண்டும் என்று நான் கேட்கவில்லை, மகளே. உன்னைப் பெற்றவள் நான், உனக்காகக் கேட்டவள் அவள். உடனே மனம் இளகிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் முதலில் வந்தது கோபம். என் மகளுக்காகச் செபிக்க இவள் யார் என்று விக்கிரவாண்டி தாண்டும் வரை கோபம். மயிலம் வந்தபோது கோபம் போய் வெட்கம் வந்தது, வெட்கம் வந்ததில் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. அடுத்த நாளிலிருந்து என் மனு வாயில் வரவில்லை. வாசற்படி வரைக்கும் அவனைக் கொண்டுவந்துவிடுவேன், கதவைச் சாத்துகிற இடத்தில் உன் முகம் வரும், அந்த முகத்தில் நான் நினைத்த சந்தோஷம் இருக்காது. ஆகவே மனுவை விட்டுவிட்டு வெறுமே மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை முத்திசெய்ய எல்லோரும் வரிசையாய்ப் போனோம். நான் குனிந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவர்களிடம் முழங்கால் பிடித்துக்கொண்டது என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. ஆண்டவரே, என் பிள்ளைக்கு நோகிறது, எனக்கும் நோகிறது, இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சொன்னேன். மடத்தில் பிரெஞ்சிலும் லத்தீனிலும் எத்தனையோ செபம் படித்திருக்கிறேன், இது அவற்றில் எதிலும் இல்லை. அப்பா இறந்த நாளில்கூட நான் பிறர் முன் அழுததில்லை என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு அழுதேன், தும்மல்போல் காட்டிக்கொண்டேன். ஒரு கை என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது. யாருடைய கை என்று எனக்குத் தெரியும், தெரியாதவள்போல் நடந்து போய்விட்டேன். ஆனால் கித்தேரி, அன்றிரவு பதினோரு மாதத்துக்குப் பிறகு நான் விடியும் வரை தூங்கினேன். ஒன்றும் மாறவில்லை, சவுரிராயன் சென்னையில்தான் இருந்தான், நீ ரங்கூனில்தான் இருந்தாய், ஆனாலும் தூங்கினேன்.

பெரிய சனிக்கிழமை நவநாளின் கடைசி நாள். தீர்க்கதரிசனங்கள் பன்னிரண்டையும் சுவாமியார் லத்தீனில் வாசித்து முடித்துக் குளோரியாப் பாட்டை எடுத்தார், மணியெல்லாம் அடித்தது, அந்தோணிசாமி மூங்கில் கொம்பால் ஒவ்வொரு சுரூபத்தின் துணியையும் இழுத்துக்கொண்டு வந்தார். மாதா, சூசையப்பர், பிறகு எங்களுடையது. துணி விழுந்தது. உள்ளே அந்தோணியார் இல்லை. பரதேசி அங்கியும் கைத்தடியுமாய், தொடையிலுள்ள புண் தெரிய அங்கியை ஒதுக்கிக் காட்டிக்கொண்டு, அர்ச். ஆரோக்கியநாதர் நின்றார். காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்வியபடி அவருடைய நாய். ஒன்பது நாள் நான் தட்டி அமுக்கியது அந்த நாயின் தலையை. பின்னாலிருந்து மதலேனம்மாள், "சம்பந்தியம்மா, இது நாயிங்க" என்றாள், பழைய வழக்கத்தில் வாயில் வந்துவிட்டது பாவம், சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பீறிட்டது. குளோரியா பாடுகிற நேரத்தில், புதுச்சேரி மடத்தில் ஒழுக்கத்துக்கு மெடல் வாங்கியவள், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மணிச் சத்தத்தில் சுவாமியாருக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.

பூசை முடிந்ததும் அந்தோணிசாமியைப் பிடித்தேன். அந்தோணியார் பீடத்தில் கரையான் ஏறிவிட்டதாம், துணி மூடுகிற சனிக்கிழமையன்று அவரை உள்ளறையில் வைத்துவிட்டு ஆரோக்கியநாதரை அந்த இடத்தில் நிறுத்தினாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். "மொத நாளே சொல்ல வந்தேன்மா, நீங்க துணி கட்டத் தெரியலன்னு திட்டிக்கினே இருந்தீங்க. உங்ககிட்ட யாரு வாய் குடுக்கறது. மோட்சத்துல எல்லாரும் ஒண்ணாதான இருக்காங்க, மனுவ அவங்களே கைமாத்திக்குவாங்கன்னு உட்டுட்டேன்" என்றார். வீட்டுக்கு வந்து முனியம்மாளிடம் உண்மையைச் சொன்னபோது, "ஒம்போது நாளா கண்ணு வைத்தியரப் பாத்துக்கினு வந்தும் சாமி யாருன்னு தெரியலயாம்மா" என்று கேட்டாள். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும்போது எங்க அங்காளம்மன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன், அவ மூடிக்கினு ஒக்கார மாட்டா என்றும் சொன்னாள். அதெல்லாம் வேண்டாம் என்றேன், ஆனால் அவள் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

திரும்பும் ரயிலுக்கு நானும் மதலேனம்மாளும் ஒரே பெஞ்சில் காத்திருந்தோம். அவள் வறுத்த மல்லாட்டை வாங்கி, ஓட்டை உடைத்துக் கடலையில் பாதியை என் மடியில் கொட்டினாள். தபசு காலத்து நோன்பு முடிய நடுப்பகல் ஆகவேண்டும், ஸ்டேஷன் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் இருந்தது, நான் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். "சாமியே துணியத் தள்ளிட்டு எழுந்துட்டாரு, நீங்க இன்னும் கடியாரத்தப் பாத்துக்கினு" என்று அவள் தின்றுகொண்டே சொன்னாள். பன்னிரண்டு அடித்ததும் தின்றேன், நன்றாயிருந்தது. மயிலம் வரும் வரை அவள் பேசினாள். தந்தி வந்த நாளிலிருந்து அவனிடமிருந்து ஒரு கடிதமில்லையாம், இவளுக்கு எழுத வராது, பிறரிடம் எழுதச் சொல்ல வெட்கம். "எம் புள்ள பண்ணது எந்தத் தாயும் மாப்பு கேக்க முடியாத காரியம். ஆனா எனக்கு அவனப் பாக்கணும்னு இருக்குதும்மா" என்றாள். நாம் மட்டும்தான் புண்பட்டோம் என்று நான் இத்தனை நாள் குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஆகையால் திங்கட்கிழமை அவளுக்காகச் சவுரிராயனுக்கு நான் கடிதம் எழுதினேன். அதிர்ச்சியடையாதே. முதல் கடிதத்தில் பதினோரு வாக்கியம், அதில் பத்து அவனுடைய குணத்தைப் பற்றி, நடை மிக நன்றாய் அமைந்திருந்தது, கிழிக்க மனம் வரவில்லை, கிழித்தேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவதில், உன் தாய் உன்னைப் பார்க்க விரும்புகிறாள், உன் மனைவியையும் அழைத்துக்கொண்டு வா, இதை எழுதுகிறவள் கித்தேரியின் தாய், வழியில் பார்த்தால் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டேன். ஒரு வரியும் சரியவில்லை. உனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன், இது உன்னை நோகச் செய்தால் என்மேல் கோபப்படு, கோபமாய் எழுது, பதில் எழுதுகிறேன். நீயும் அவனை மன்னிக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அது உனக்கும் ஆண்டவருக்கும் இடையிலுள்ளது, அதற்குள் நான் புகுந்து துணி மடித்துக் காட்டமாட்டேன்.

ஒன்றுமட்டும் சொல்கிறேன். கொள்ளைநோய்க்காரர்களைத் தொட்டுக் குணப்படுத்தியவர் ஆரோக்கியநாதர், கடைசியில் தனக்கே அந்த நோய் வந்து, ஒருவரும் பார்க்கக்கூடாதென்று காட்டுக்குள் போய்க் கிடந்தார், நாய் தேடிவந்து ரொட்டி கொடுத்தது என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் முன் நின்றபோது ஒன்றைக் கவனித்தேன். மற்ற அர்ச்சிஷ்டவர்கள் கையில் பூவும் புத்தகமும் சாவியும் வைத்திருக்கிறார்கள், இவர் ஒருவர்தான் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், வெட்கப்படாமல். நான் விழுப்புரத்துக்குப் போய் ஒளிந்தேன், நீ ரங்கூனுக்குப் போய் ஒளிந்தாய், உனக்குத் தூரம் கொஞ்சம் அதிகம், அவ்வளவே வித்தியாசம். செபம் வரவில்லை என்றாயே, வராவிட்டால் சொல்லாதே. கோவிலில் ஒரு மூலையில் போய் உட்கார். ஓலை வாசித்த குரல் கேட்டால் கேட்கட்டும். ஆண்டவரே, இங்கே நோகிறது என்று இடத்தை மட்டும் காட்டிவிட்டு எழுந்து வா. நான் அவ்வளவுதான் செய்தேன், அதைக்கூட எட்டாம் நாள்தான் செய்தேன். உனக்காக ஒருத்தி தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், இப்போது இரண்டு பேர்.

மற்றபடி வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வை, அங்கத்து மீன் விழுதைத் தொடாதே, விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்காதே. அனந்தபுரம் சந்தையிலிருந்து முனியம்மாள் புதுக் கேப்பை வாங்கி வந்திருக்கிறாள், மாவாக்கி வைத்திருக்கிறேன், அனுப்பினால் வண்டு பிடிக்கும், வந்து சாப்பிட்டால்தான் உண்டு. வா என்று கட்டளை இடவில்லை, கேட்கிறேன், எனக்கு இது புதிதாய் இருக்கிறது. சேசுநாதரின் திரு இருதயம் உன்னைக் காக்கட்டும், வியாகுல மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும், அப்பாவின் ஆசீரும் என் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. பதில் எழுதும்போது வரி நேராயிருக்கவேண்டும், முடியாவிட்டால் சரிந்த வரியாகவே எழுது, ஆனால் எழுது. இன்னொன்று மறந்துவிட்டேன். சனிக்கிழமை சிரித்த சிரிப்பில் என் குடையை விழுப்புரத்துக் கோவிலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதிலிருந்து பூசைக்கு மதலேனம்மாளின் ஒட்டுப்போட்ட குடைக்குள்தான் இரண்டு பேரும் போய்வருகிறோம், அவள் உயரத்துக்கு நான் குனியவேண்டியிருக்கிறது. நீ வந்தால் ஸ்டேஷனிலிருந்து கோவில் வாசல்வரை உன்னை நடுவில் விட்டுக் கூட்டிப்போவோம், குடை பெரியது, மூன்று பேருக்குக் காணும். என் குடை கிடைக்கவேண்டும் என்று அந்தோணியாரிடம் இன்னும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன்னை நினைத்து, இப்போதெல்லாம் சரியானதைக் கேட்கிற
உன் அம்மா
மோனிக்கம்மாள்